இடது காதின் அளவு

“உன் சத்தம் உள்ள வருதும்மா, டாக்டரு சத்தம் உள்ள வரமாட்டேங்குது.”

அன்று காலையில் ஒன்பதாவது தடவையாக மெரிட்டா இதைச் சொன்னாள். அதே வார்த்தை, அதே இழுவை, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, இயர்ஃபோன் ஒரு காதில் தொங்க, “உன் சத்தம் உள்ள வருதும்மா, டாக்டரு சத்தம் உள்ள வரமாட்டேங்குது.” நான் என்னமோ சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவள் காதுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி.

“அப்ப நான் வாயில துணிய வச்சிக்கிட்டா தேங்காய் துருவணும்?”

“நான் அதச் சொல்லலம்மா.”

“பின்ன எதச் சொல்லுத? உங்கப்பாகிட்டப் பேசணும், பால்காரன்கிட்டப் பேசணும், கீழ் வீட்டு கோமதி தண்ணி மோட்டார எட்டு மணிக்குப் போட்டுட்டுத் தூங்குதா, அவகிட்டப் பேசணும். எல்லாத்துக்கும் சீட்டு எழுதியா அனுப்ப முடியும்?”

கடைசி பெஞ்சில் இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி பேசு என்று கான்வென்டில் மதர் கிளாட்டில்டா பத்து வருஷம் பிரம்பை வைத்துச் சொல்லிக் கொடுத்ததை நான் தூத்துக்குடி முழுவதும் கேட்கிற மாதிரி பேசிக் காப்பாற்றிவருகிறேன், அது ஒரு குற்றமா? ஆனால் மெரிட்டாவின் வேலை அப்படி. எந்தத் தேசத்திலோ இருக்கிற டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மூக்கால் முனகிப் பதிவு செய்து அனுப்புவதை, பின்னறையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். அவர் பதினைந்து என்றாரா ஐம்பது என்றாரா என்பது என் சத்தத்தில் கரைந்துவிட்டால் அங்கே ஒருவனுக்கு மருந்து மூன்று மடங்கு போய்விடும். அந்த மாதம் இரண்டு தடவை அவளுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போயிற்று.

அதனால்தான் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காது மிஷின் கடை வைத்திருக்கிற மாசிலாமணியிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் டார்ச் அடித்து இரண்டு காதுக்குள்ளும் கிணற்றுக்குள் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“யக்கா, பிள்ளைக்கு வலது காது ஒரு அளவு, இடது காது ஒரு அளவு. கம்பெனிக்காரன் ரெண்டுக்கும் ஒரே ரப்பரப் போட்டு அனுப்பியிருக்கான். இடது பக்கம் ஒழுகத்தான் செய்யும். ஒழுகுனா அடிச் சத்தம் பூரா வெளிய போயிரும், கீச்சுக்கீச்சுன்னு மேல் சத்தம் மட்டும் நிக்கும். அதோட இந்த வயரு. நைட்டித் துணில உரசுத உரசல் எல்லாம் காதுக்குள்ள ஏறுது பாருங்க.”

“சரி, கதை சொல்லாத. என்ன செய்யணுமோ செய்யி.”

ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, கருப்பு ஸ்பாஞ்சில் வலதுக்குச் சிறிதாகவும் இடதுக்கு அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவும் வெட்டி மாட்டினான். பழைய வயரைப் பிடுங்கிவிட்டு, நான்கு செப்பு இழையைச் சடைபோலப் பின்னின வயரைச் சொருகி, காதுக்கு மேலே சுற்றிப் பின்கழுத்தில் விட்டான். மெரிட்டா ஸ்பாஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கி, ஊசிபோல ஆக்கி, உள்ளே வைத்து, அது மெல்ல மெல்லப் பெருத்துக் காதை அடைக்கும்வரை விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுந்தாள், நாற்காலி நகர்ந்ததே தவிரக் கிரீச்சிடவில்லை. தும்மினாள், ஈ பறந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை.

“இப்பத்தான் ஒழுகாம உக்காந்திருக்கு. உள்ளயும் போகாது, வெளியயும் வராது” என்று சொல்லி மாசிலாமணி பழைய வயரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். எனக்கு அடுப்பில் அரிசி கிடந்தது, கிளம்பிவிட்டேன்.

இப்படித்தான் எங்கள் பதினாறு வீட்டுக் குடியிருப்பில் முதல் சத்தமில்லாத ஆள் என் மகள் ஆனாள். ஒரு வாரத்துக்குள் அதன் நெளிவுசுளிவெல்லாம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எவ்வளவு நேரம் போட்டிருந்தாளோ, கழற்றின பிறகும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் சத்தம் வராது. நசுங்கின ஸ்பாஞ்சு பழைய உருவத்துக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்வதில்லையா, அதுபோல. போட்டிருப்பவளுக்கு அவள் குரல் மண்டைக்குள் கோயில் மணிபோலக் கேட்கும், கழற்றினாலும் வழக்கம்போலக் கேட்கும், அதனால் தன் சத்தம் வெளியே போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தானாகத் தெரியாது, பக்கத்தில் இருக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

மெரிட்டாவுக்கு வேலை நிலைத்தது. எனக்கு வாய் நிலைத்தது. இரண்டு பேருக்கும் லாபம் என்று இருந்தேன்.

பத்தாம் நாள் கோமதி மாடியேறி வந்தாள். “யக்கா, அந்த ஸ்பாஞ்ச ஒரு ராத்திரிக்குத் தாங்க. இவுக கொறட்டைல ஜன்னல் கண்ணாடி நடுங்குது.” காதுக்குக் காது மாற்றக்கூடாது என்று விரட்டிவிட்டேன். அவள் மாசிலாமணியிடமே போய் வாங்கிக்கொண்டு வந்து புருஷனுக்கு மாட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் குறட்டை இல்லை. ஆனால் கோமதிக்குத் தூக்கமும் இல்லை, மனுஷன் இருக்கிறாரா போய்விட்டாரா என்று மணிக்கு ஒரு தடவை மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம். இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர் ஒன்பது பிள்ளைகளுக்கும் மாட்டி, வாய்ப்பாட்டை உதட்டைப் பார்த்தே திருத்தினாள். மாமியாருக்கு மருமகள் வாங்கிக் கொடுத்தாள், மருமகளுக்கு மாமியார் வாங்கிக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் ரோமால்டு, ஹார்பரில் சரக்கு எண்ணுகிற உத்தியோகம், வாயைத் திறந்து ஒரு காபி கேட்கமாட்டார், அவர் என் பிறந்தநாளுக்குப் பெரிய அளவில் ஒரு ஜோடி வாங்கி ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தார். ரிப்பனை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டேன்.

மாடிப்படியில் சத்தமில்லாதவர்கள் முட்டிக்கொண்டு விழுந்ததால் ஒவ்வொரு தளத்திலும் வட்டக் கண்ணாடி மாட்டினார்கள். கதவைத் தட்டினால் கேட்காதென்று வாசலுக்கு வாசல் சிவப்பு பல்பு வந்தது. சங்கத்துச் செயலாளர் சிவஞானவேல் அண்ணாச்சி சிக்கனம் பார்த்துத் தன் மருமகனின் ரப்பரையே மாட்டிக்கொண்டார். அது தொளதொளவென்று இருந்ததால் அடிச் சத்தம் மட்டும் அடங்கி, ச-வும் ஸ-வும் வெளியே ஒழுகியது. கூட்டம் முழுவதும் குக்கர்போலச் சீறிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் நான் அதைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, சொன்னது நான்தான். காலை ஐந்து முதல் ஆறு வரை மோட்டார் என்று தீர்மானம். எதிர்க்கிறவர்கள் சொல்லலாம் என்று அண்ணாச்சி சீறினார். கோமதியின் புருஷன் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார், ஒரு எழுத்தும் வரவில்லை. ராத்திரிக் குறட்டைக்குப் போட்டது பகலில் அவர் பேச்சைத் தின்றுகொண்டிருந்தது. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, சத்தம் வரலன்னா சம்மதம்னு எழுதிக்கிடுங்க. விடிய விடியவா வாயப் பாத்துக்கிட்டு இருப்போம்?”

சிரித்தார்கள். எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு வசதியான காரியம் அது என்று பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சங்கத்திலிருந்து ரேஷன் கடைக்குப் போயிற்று, ரேஷன் கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, மாதா சபைக்கு வந்தது, கோயில் கணக்குக் கூட்டத்துக்கு வந்தது. சத்தம் வராதவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர்கள். எந்தக் கூட்டமும் அரை மணிக்கு மேல் போகவில்லை. என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் புத்திசாலி என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நல்ல பெயரின் நடுவில்தான் ரோமால்டின் அக்கா ஃபிலோமினா மயினி டெரன்ஸைக் கொண்டுவந்தாள். கப்பலில் இரண்டாம் இன்ஜினியர், ஆறு மாதம் கடல், மூன்று மாதம் கரை, வீட்டில் ஒரே பையன். பெண் பார்க்க வந்தான், மெரிட்டா காபி கொடுத்தாள், வளையல்கூடச் சத்தம் போடவில்லை. அவன் மயினியிடம் சொன்னானாம்: “எவ்வளவு அமைதியான பிள்ளை.” மயினி அதை என்னிடம் வந்து நாலு தடவை சொன்னாள்.

“பிள்ள என்ன சொல்லுதா, ஜெசிந்தா?”

“என்ன சொல்லுவா? ஒண்ணும் சொல்லல.”

இங்கே நான் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். அவள் சொன்னாள். அடுப்படியில் என் எதிரில் வந்து நின்று உதட்டை அசைத்தாள், கையை மறித்து ஆட்டினாள். பகலில் பன்னிரண்டு மணி நேரம் வேலைக்காக அதைப் போடுகிறவள், கழற்றின பிறகு மீதிப் பன்னிரண்டு மணி நேரமும் சத்தமில்லாமல் இருந்தாள், ஆக எங்கள் வீட்டில் அவள் குரல் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வாசித்தேன். அதன்மேல் மாதக் காலண்டரை மாட்டினேன். இருபத்தைந்து வயதில் எல்லாப் பிள்ளையும் வேண்டாம் என்றுதான் சொல்லும், நானும் சொன்னவள்தான், பிறகு சரியாகிவிடும் என்று ஜீரகத்தை வறுத்தேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை எழுத வேண்டும். பங்குச் சாமியார் முன்னால் பையனும் பெண்ணும் உட்கார்ந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதமா என்று கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு மூன்று ஞாயிறு பூசையில் அந்த ஓலையை வாசிப்பார்கள்; தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டால் முடிந்தது, அடுத்து தாலிதான்.

ஃபாதர் வில்பிரட் டெரன்ஸிடம் கேட்டார், “சம்மதம், ஃபாதர்” என்றான். மெரிட்டாவிடம் கேட்டார். அவள் பேசினாள். கொஞ்சம் இல்லை, நிறையப் பேசினாள், கழுத்து நரம்பு புடைக்கப் பேசினாள். ஃபாதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னம்மா சொல்லுது பிள்ள?”

மயினி என்னைப் பார்த்தாள். டெரன்ஸின் அம்மா என்னைப் பார்த்தாள்.

“சம்மதம்னு சொல்லுதா, ஃபாதர்.”

எழுதிக்கொண்டார். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ரவிக்கைக்கு அளவு கொடுத்தோம், டெரன்ஸ் வீடியோவில் பேசினான், அவள் எதிரே உட்கார்ந்து உதட்டை அசைத்தாள், அவன் சிரித்தான்.

மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசையில். விடிகாலை ஐந்து மணிக்கு நான் எழுந்து அடுப்படிக்குப் போனால் என் ஜெபப் புத்தகத்தின்மேல் அந்த இயர்ஃபோன் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மெரிட்டா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காது மடல் சிவந்து, இடது துளை ஓரம் தோல் உரிந்திருந்தது. ஒன்றும் காட்டவில்லை, கை ஆட்டவில்லை. எடுத்து என் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

ரப்பர்தான் ஆளுக்கு ஆள் அளவு பார்க்கும், ஸ்பாஞ்சு யார் காதுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். நசுக்கி உள்ளே வைத்தேன். அது பெருத்தது. பால் பொங்குவது நின்றது, காக்கை நின்றது, கீழே கோமதி வாளியை இழுப்பது நின்றது. பிறகு வயர் பேச ஆரம்பித்தது.

வெளியே வராத சத்தம் எங்கே போகும் என்று நாங்கள் ஒருவரும் கேட்டுப் பார்த்ததில்லை. மலிவு வயராக இருந்தால் அங்கங்கே கசிந்து போயிருக்கும். இது நான்கு இழை செம்பு, சடையாகப் பின்னியது, ஒரு சொட்டு விடாமல் வைத்திருந்தது. சேலைத் தலைப்பில் வயர் உரசும்போதெல்லாம் அவள் குரல் ஒவ்வொரு நாளாக இறங்கி வந்தது. அம்மா, எனக்கு வேண்டாம். அம்மா, கொஞ்சம் கரண்டியக் கீழ வை. அம்மா, அந்தக் காலண்டர எடு. தையல்காரியிடம், அக்கா, அளவெடுக்காதீங்க. டெரன்ஸிடம், நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க ஏன் சிரிக்கிறீங்க. அதற்கு அவன், நீ இப்படியே இரு, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, கல்யாணத்துக்குப் பொறவு இந்த டைப்பிங் எல்லாம் எதுக்கு. ஃபாதரிடம், இல்லை, சம்மதமில்லை, எங்கம்மா பொய் சொல்லுதாங்க, என்னைப் பாருங்க, அவுங்களப் பாக்காதீங்க. நடுவில் ஒருநாள், யாருக்கும் இல்லாமல், சாதாரணமாக: இதப் போட்டாத்தான் என் சத்தம் பெருசா கேக்குது, எனக்காவது கேக்கட்டும்.

ஆறே முக்காலுக்குத்தான் கழற்றினேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். “ஆட்டோ!” என்று கத்தினேன், தூத்துக்குடி முழுவதும் கேட்கிற மாதிரி. பத்தடியில் நின்ற ஆட்டோக்காரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். ஐந்திலிருந்து ஆறே முக்கால்வரை. எட்டரை மணிவரை எனக்குச் சத்தம் கிடையாது. நன்மை அப்பம் கொடுத்து முடித்து ஓலை வாசிக்கும்போது எட்டரை ஆகுமோ ஆகாதோ.

ரோமால்டு ஷிப்டில் இருந்தார். ராத்திரி முழுக்க அதைப் போட்டிருந்த மெரிட்டாவுக்குச் சாயங்காலம்வரை குரல் வராது. கோயிலுக்குள் போன உடனே காணிக்கை உறையின் பின்னால் எழுதினேன்: ஓலை வாசிக்க வேண்டாம், பிள்ளைக்குச் சம்மதமில்லை, நான் பொய் சொன்னேன், ஜெசிந்தா. கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வாங்கினார், தலையை ஆட்டினார், சத்தமில்லாதவர்கள் எழுதிக் கொடுக்கிற பூசை வேண்டுதல் சீட்டுகள் குவிந்து கிடந்த கூடையில் அதையும் போட்டு, பிறகு பார்க்கலாம் என்று துணியால் மூடினார். நான் கூடையைக் காட்டினேன், பீடத்தைக் காட்டினேன், கையைக் கூப்பினேன். பக்தியாக இருக்கிறேன் என்று அவரும் கையைக் கூப்பினார்.

ஃபாதர் வில்பிரட் பிரசங்கம் முக்கால் மணி நேரம் போகும், வருஷக்கணக்காகக் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி அவருக்குக் காட்டினவள் நான். அன்றைக்கு முழங்காலில் நின்று வேண்டினேன், மாதாவே, இன்னும் ஒரு உவமை, இன்னும் ஒரு கதை, போன வருஷம் சொன்ன வெள்ளக் கதையாவது சொல்லட்டும். எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். தொண்டை கட்டியிருக்கிறதாம்.

ஏழு ஐம்பத்திரண்டு. ஓலை கையில் வந்தது. “மூன்றாம் ஓலை” என்றார். நான் பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் எழுந்து நின்றேன்.

“ஃபாதர், நிறுத்துங்க. வாசிக்காதீங்க. எம் பிள்ளைக்குச் சம்மதமில்ல, நான்தான் பொய் சொன்னேன்.”

என் காதுக்கு அது இடிபோல விழுந்தது. தூண்கள் அதிர்ந்திருக்க வேண்டும். ஃபாதர் என்னைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவள் மரியாதைக்கு எழுந்து நிற்கிறாள் என்று லேசாகத் தலையைச் சாய்த்துவிட்டு மெரிட்டாவின் பெயரை வாசித்தார். முன் பெஞ்சில் ஒரு குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குத்தானா, என் தலைக்கு மேலே சுற்றின ஃபேனுக்கா, தெரியவில்லை. ஸ்பாஞ்சு எல்லா நாளும் ஒரே மாதிரி விடுவதில்லை, சில நாள் அரை மணி முன்னாலேயே சத்தம் திரும்பியிருக்கிறது, கோமதி சொல்லியிருக்கிறாள். வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம்.

“தடை ஏதும் அறிந்தவர்கள்” என்று ஃபாதர் வாசித்தார்.

“நான் அறிவேன், ஃபாதர்.”

நடுவழியில் இறங்கக் காலை எடுத்து வைத்தேன். என் சேலைத் தலைப்பு பின்னால் இறுகியது. பக்கத்தில் ஃபிலோமினா மயினி பீடத்தைப் பார்த்தபடியே, ஒரு கையில் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஜெபமாலையின் அடுத்த மணியைத் தள்ளினாள். கேட்டதால் பிடித்தாளா, தடுக்கி விழப்போகிறேன் என்று பிடித்தாளா? கோயில் முழுக்கத் தலைகள் நேராக இருந்தன. மெரிட்டா ஒருத்தி மட்டும் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, ஓலையை மடிக்க ஆரம்பித்தார். நான் குனிந்து மயினியின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன்.

“மயினி, என் சத்தம் வெளிய வருதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”